மரத்துப்போன பாதம் ஏன் எரிகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் வைத்துக்கொள்கிறேன். தாயாருக்கு நீண்டகால நீரிழிவு. கால்விரல்களில் ஊசியால் தொட்டாலும் தெரிவதில்லை. நரம்பு பட்டுப்போய்விட்டது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் இரவு படுத்ததும் அதே பாதம் தணலில் வைத்ததுபோல எரிகிறது. கணுக்கால் பக்கம் போர்வை உரசினால் துடித்துப்போகிறார். பட்டுப்போன நரம்பு எப்படி வலிக்கும் என்று கேட்கிறீர்கள். உடலியங்கியலில் முதுநிலை முடித்த நீங்கள் இந்த வலியின் இயக்கத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ள விரும்புவதாகவும், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பட்ட மரம் துளிர்க்காது. பட்ட நரம்பும் வலிக்காது. வலிப்பது, பட்டுக்கொண்டிருக்கும் நரம்பிழை. அதன் பக்கத்தில் இன்னும் உயிரோடிருக்கும் இழை. இவை இரண்டிடமிருந்தும் செய்தி வாங்கி வாங்கித் தன் குணம் மாறிவிட்ட தண்டுவடம். இந்த மூன்றில் உங்கள் தாயாரின் வலி எங்கே பிறக்கிறது என்பதுதான் முதல் ஆராய்ச்சிக் கேள்வி. எந்த மூலக்கூறு காரணம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த இடம் காரணம் என்று கேட்கப் பழகுங்கள். இந்தத் துறையில் வீணாய்ப்போன பல ஆண்டுகள், இந்த வரிசையை மாற்றிப் போட்டதால் வீணானவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாதத்தில் ஏன் தொடங்குகிறது என்பதிலிருந்து வருகிறேன். கால் பெருவிரலின் உணர்ச்சியை எடுத்துச்செல்லும் நரம்புச் செல்லின் உடல், காலில் இல்லை. இடுப்பளவில், முதுகெலும்பை ஒட்டிய ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. பின்வேர் முடிச்சு என்பார்கள். அந்தச் செல் உடலின் குறுக்களவு ஏறத்தாழ 50 மைக்ரான். அதிலிருந்து விரல்நுனி வரை ஓடும் இழையின் நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். செல்லை ஒரு கோலிக்குண்டு அளவுக்குப் பெரிதாக்கினால் இழை 300 மீட்டர் நீளும். இழையின் கோடிக்குத் தேவையான புரதமும் மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலும் அந்தக் கோலிக்குண்டிலிருந்துதான் போயாக வேண்டும். இழைக்குள் ஓடும் விரைவுப் போக்குவரத்தின் வேகம் நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர். அதாவது முடிச்சில் ஏற்றிய சரக்கு விரல்நுனிக்கு வந்துசேர 3 முதல் 5 நாள். ஆற்றல் குறைந்தாலும், பாதை கெட்டாலும் முதலில் பட்டினி கிடப்பது கடைக்கோடி. அதனால்தான் இந்த நோய் விரல்களில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மேலேறுகிறது. முழங்காலை எட்டும் சமயத்தில் கைவிரல்களிலும் மதமதப்புத் தொடங்கும். கைவிரலுக்குப் போகும் இழையின் நீளமும் அதற்கு நெருக்கமானதுதானே.

எல்லா இழைகளும் ஒரே வகை அல்ல. கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்ட தருணத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் சுரீர் என்று ஒரு வலி. ஒரு நொடி கழித்து, மெதுவாக, ஆனால் விடாமல் ஒரு காந்தல். சுரீரைக் கொண்டுவருவது மெல்லிய மயலின் உறை போர்த்த ஏ-டெல்ட்டா இழை; நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் ஓடும். காந்தலைக் கொண்டுவருவது உறையே இல்லாத சி இழை. நொடிக்கு 1 மீட்டர் அளவில் நடக்கும். தொடுவதையும் அதிர்வதையும் சொல்லும் தடித்த ஏ-பீட்டா இழைகள் இவை இரண்டையும்விட வேகமானவை. மருத்துவமனையில் வழக்கமாகச் செய்யும் நரம்புக் கடத்தல் சோதனை, இந்தத் தடித்த இழைகளை மட்டுமே பார்க்கும். சி இழைகள் பாதி அழிந்திருந்தாலும் அறிக்கையில் எல்லாம் சரி என்று வரும். கால் எரிகிறது என்று சொன்னவர்களை, அறிக்கை சரியாக இருக்கிறதே, மனப்பிரமை என்று திருப்பி அனுப்பிய காலம் ஒன்று உண்டு. இன்னும் அது முழுவதும் முடிந்துவிடவில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

மெல்லிய இழைகளைக் காண வேறு வழி வேண்டும். கணுக்கால் எலும்புக்கு 10 சென்டிமீட்டர் மேலே, 3 மில்லிமீட்டர் குறுக்களவில் தோலைத் துளைத்து ஒரு சிறு துண்டு எடுப்பார்கள். தையல்கூடத் தேவையில்லை. அதை மெல்லிய சீவல்களாக வெட்டி, நரம்பிழைகளை மட்டும் நிறமேற்றும் எதிர்ப்புரதத்தில் ஊறவைத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், தோலின் அடியடுக்கிலிருந்து மேலடுக்குக்கு மயிரிழைபோல ஏறும் நரம்பு முனைகள் தெரியும். எல்லையைக் கடக்கும் ஒவ்வோர் இழையையும் ஒன்றாக எண்ண வேண்டும். மேலே போய்க் கிளைத்தால் அந்தக் கிளைகளை எண்ணக் கூடாது. முதல்முறை எண்ணும்போது கண் வலிக்கும். ஆரோக்கியமானவரின் சீவலில் நாணல் புதர்போல நிற்கும் இழைகள், நோயாளியின் சீவலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். சிலருடையதில் ஒன்றுகூட இருக்காது. அந்த வெறுமையை ஒருமுறை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். அதன்பின் யாருடைய எரிச்சலையும் பிரமை என்று சொல்ல மனம் வராது.

ஆனால் இங்கேதான் துறையின் மையச் சிக்கல் இருக்கிறது. வலி உள்ளவர்களின் சீவலையும் வலி இல்லாமல் வெறும் மரப்பு மட்டும் உள்ளவர்களின் சீவலையும் கலந்து வைத்தால், இழைகளின் எண்ணிக்கையைப் பார்த்து இவர் வலிக்காரர், இவர் அல்ல என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருவரிடமும் இழப்பு இருக்கிறது. ஒருவர்தான் தூங்காமல் கிடக்கிறார். எனவே இழப்பு மட்டும் வலியாகிவிடுவதில்லை. மிச்சமிருப்பவை என்ன செய்கின்றன என்று பார்த்தாக வேண்டும்.

1974இல் பேட்ரிக் வால், மைக்கேல் கட்னிக் இருவரும் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். வெட்டுப்பட்ட நரம்பின் முனையில் உருவாகும் கழலையிலிருந்து, யாரும் தொடாமலேயே மின்துடிப்புகள் கிளம்பிக்கொண்டிருந்தன. ஆரோக்கியமான உணர்ச்சி நரம்பு, தூண்டல் வந்தால்தான் பேசும். காயப்பட்டது தானாகவே பேசத் தொடங்குகிறது. மூளைக்கோ அந்தத் துடிப்பு எந்த இடத்தில் பிறந்தது என்று தெரியாது. இந்தக் கம்பி பெருவிரலுக்குரியது, ஆகவே பெருவிரல் எரிகிறது என்றே அது புரிந்துகொள்ளும். உங்கள் தாயாரின் விரல்நுனி இழை பட்டுப்போயிருக்கலாம். அதே செல்லின் மிச்சப் பகுதி கணுக்காலிலோ, முழங்காலிலோ, பின்வேர் முடிச்சிலோ உயிரோடு இருந்து தானாகத் துடித்தால், வலி அந்த உணர்ச்சியற்ற விரலில்தான் தெரியும். வெளியிலிருந்து போகும் செய்தி வழியிலேயே நின்றுவிடுவதால் மரப்பு. உள்ளிருந்து கிளம்பும் பொய்ச் செய்தியால் எரிச்சல். ஒரே பாதத்தில் இரண்டும் குடியிருப்பதில் முரண்பாடே இல்லை.

தானாகத் துடிப்பது எப்படி என்றால், செல்சுவரில் சோடியம் அயனியை உள்ளே விட்டு மின்துடிப்பை எழுப்பும் சோடியம் வாயில்களிடம் போக வேண்டும். வலி நரம்புகளில் முக்கியமானவை நாவ் 1.7, நாவ் 1.8, நாவ் 1.9 என்ற மூன்று வகைகள். காயப்பட்ட இடத்தில் இவை குவிகின்றன. திறக்கும் வரம்பு தாழ்கிறது. சிறு அதிர்வுக்கே திறந்துகொள்கின்றன. இவற்றின் பங்கை மனிதர்களிடம் மறுக்க முடியாதபடி நிறுவியது மரபியல். 2004இல், கைகால்கள் சிவந்து எரியும் ஒரு பரம்பரை நோய் உள்ள சீனக் குடும்பங்களில் நாவ் 1.7 வாயிலின் மரபணு மாறியிருப்பது தெரியவந்தது. 2006இல் அதன் மறுபக்கம் வெளிவந்தது. வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் கத்தியைக் கையில் செருகிக்கொண்டும் தணலில் நடந்தும் தெருவில் வித்தை காட்டிவந்தான்; வலி என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. 14 வயது நிறைவதற்குள் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனைப்போலவே வலி அறியாதவர்களை அப்பகுதியின் மூன்று குடும்பங்களில் ஆராய்ந்தபோது அதே வாயில் முற்றிலும் செயலிழந்திருந்தது. ஒரே மரபணு. கூடுதலாகத் திறந்தால் தீராத எரிச்சல், திறக்கவே இல்லையென்றால் உயிரைக் காக்கும் வலியும் இல்லை. 2012இல், காரணம் தெரியாத மெல்லிழை நரம்புக் கோளாறு உள்ளவர்கள் சிலரிடமும் இதே வாயிலில் மாற்றங்கள் காணப்பட்டன.

இதைப் படித்ததும் நாவ் 1.7ஐ அடைத்தால் வலி தீர்ந்துவிடுமே என்று தோன்றும். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த ஒரு வாயிலை மட்டும் குறிவைத்துச் செய்த மருந்துகள் பல, மனிதச் சோதனைகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. நாவ் 1.8ஐ அடைக்கும் சுசெட்ரிஜின் மட்டும் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வருவது போன்ற குறுகியகால வலிக்கு. நரம்புக் கோளாற்று வலிக்கு இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. பிறவியிலேயே ஒரு வாயில் இல்லாத உடலும், 60 வயதில் மாத்திரையால் அதை ஓரளவு மூடிய உடலும் ஒன்றல்ல.

நோயாளியின் சொந்த இழை தானாகத் துடிப்பதை நேரடியாகக் கேட்க முடியுமா? முடியும். நான் இந்தத் துறையில் தங்கிவிட்டதற்கே அதுதான் காரணம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1960களில் ஸ்வீடனின் உப்சாலாவில் ஹாக்பார்த், வால்போ என்ற இருவர், மயக்கமருந்து கொடுக்காமல் விழித்திருக்கும் மனிதரின் நரம்புக்குள் டங்ஸ்டன் ஊசியைச் செலுத்தித் தனித்தனி இழைகளின் துடிப்பைப் பதிவு செய்யும் முறையை உருவாக்கினார்கள். முதலில் தங்கள் கைகளிலேயே குத்திப் பார்த்தார்கள். இன்றும் முறை அதுவே. நோயாளி சாய்ந்து படுத்திருப்பார். முழங்காலின் வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பில், சில மைக்ரான் முனையுள்ள ஊசியை மயிரளவு மயிரளவாக நகர்த்த வேண்டும். ஒலிபெருக்கியில் மழை இரைச்சல்போல ஒரு பின்னணி கேட்டுக்கொண்டே இருக்கும். பாதத்தின் மேல்தோலில் நான்கு நொடிக்கு ஒருமுறை சிறு மின்தூண்டல் கொடுப்போம். தடித்த இழைகள் உடனே பதில் சொல்லிவிடும். சி இழையின் பதில், அந்த 40 சென்டிமீட்டரை நடந்துவர ஏறத்தாழ 0.4 நொடி எடுக்கும். திரையில் ஒவ்வொரு பதிலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், அமைதியான இழை நூல்பிடித்ததுபோல நேர்கோட்டில் நிற்கும். இடையில் அந்த இழை தானாக ஒருமுறை துடித்திருந்தால், அடுத்த பதில் சில மில்லிநொடி தாமதிக்கும். கோடு சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கி, மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பும். அந்த ஒதுங்கல்தான் சாட்சி.

ஒரு நாள் ஓர் அம்மையார் படுத்திருந்தார். ஒன்றரை மணி நேரம் தேடி ஓர் இழையைப் பிடித்தோம். யாரும் பாதத்தைத் தொடவில்லை; அறையில் பேச்சில்லை. கோடு ஒதுங்கியது, திரும்பியது, மறுபடி ஒதுங்கியது. அவர் திரையைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். உங்கள் வலி நரம்பு ஒன்று தானாகவே பேசுகிறது என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அப்படியானால் நான் பொய் சொல்லவில்லை, இல்லையா என்றார். வீட்டில் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் போலும்.

இத்தகைய பதிவுகளை வலி உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் ஒப்பிட்ட நார்வே ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. தானாகத் துடிக்கும் சி இழைகள் வலி உள்ளவர்களிடம் தெளிவாகவே அதிகம். வலி இல்லாத சிலரிடமும் அவை இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. 2014இல் இன்னும் நேரடியான சோதனை ஒன்று நடந்தது. புற நரம்புப் பாதிப்பால் பாத வலி உள்ள 14 பேருக்கு, அந்தப் பகுதிக்குச் செல்லும் நரம்பை லிடோகெயின் என்ற உள்ளூர் மயக்க மருந்தால் மரக்கச்செய்தார்கள். அரைமணி நேரத்துக்குள் 14 பேருக்கும் அந்தப் பக்கத்து வலி நின்றுவிட்டது. பல ஆண்டுகள் பழகிய வலி என்றாலும், அதை அணையவிடாமல் ஊதிக்கொண்டிருப்பது புற நரம்பிலிருந்து வரும் துடிப்பே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எங்கே என்ற கேள்வியை நேராகக் கேட்ட எளிய சோதனை இது. புதிய மூலக்கூறு எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் நான் மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் விளக்குவேன்.

அப்படியானால் தண்டுவடத்துக்கு வேலையில்லையா? இருக்கிறது. போர்வை உரசினால் வலிப்பது அங்கேதான் உருவாகிறது. தொடுதலைச் சொல்லும் தடித்த இழைகள் இயல்பில் வலியைச் சொல்லாதவை. காலில் காற்றுப்பட்டையை இறுக்கி இரத்த ஓட்டத்தைச் சற்று நிறுத்தினால் தடித்த இழைகள் முதலில் செயலிழக்கும், சி இழைகள் தாக்குப்பிடிக்கும். அப்போது போர்வை வலி மறைந்துவிடும், எரிச்சல் அப்படியே இருக்கும். ஆக, உரசல் வலியைக் கொண்டுவருவது தொடு இழை. அதை வலியாக மொழிபெயர்ப்பது தண்டுவடம். 1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப், காயத்துக்குப் பின் தண்டுவடத்தின் உணர்திறனே உயர்ந்துவிடுவதை எலிகளில் காட்டினார். இடைவிடாத சி இழைத் துடிப்பு அங்குள்ள செல்களை உசுப்பிவிடுகிறது. பிறகு மென்மையான தொடுதலுக்கும் அவை அலறுகின்றன.

அடக்கும் பக்கமும் தளர்கிறது. தண்டுவடத்தில் வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் செல்கள், குளோரைடு அயனியை உள்ளே விட்டு அடுத்த செல்லை அமைதிப்படுத்துகின்றன. அதற்கு அடுத்த செல்லுக்குள் குளோரைடு குறைவாக இருக்க வேண்டும். அதை வெளியே இறைக்கும் ஒரு பம்பு, நரம்புக் காயத்துக்குப் பின் குறைந்துபோவதை 2003இல் கண்டார்கள். குளோரைடு தேங்கிவிட்டால் அடக்கும் கட்டளை வலுவிழக்கிறது. சில செல்களில் தலைகீழாகி உசுப்பும் கட்டளையாகவே மாறுகிறது. பம்பைக் குறைக்கும்படி சமிக்ஞை அனுப்புவது மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள் என்று 2005இல் அதே வரிசையில் தெரியவந்தது. அழகான கதை. ஆனால் 2015இல் ஒரு திருத்தம் வந்தது. மைக்ரோக்ளியாவை முடக்கினால் ஆண் சுண்டெலிக்கு வலி குறைகிறது, பெண் சுண்டெலிக்குக் குறையவில்லை. அவற்றில் வேறொரு நோயெதிர்ப்புச் செல் அந்த வேலையைச் செய்வதாகத் தெரிந்தது. அதுவரை பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் ஆண் எலிகளை மட்டுமே வைத்திருந்தன. வலியால் தவிக்கும் நோயாளிகளில் பெண்கள் அதிகம் என்பதை நினைத்தால் இந்தத் தவறின் அளவு புரியும். நீங்கள் ஆய்வு தொடங்கினால் இரு பாலையும் சேர்த்தே வடிவமையுங்கள். யார் தடுத்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் அடக்கு பாதையும் உண்டு. நார் அட்ரினலின்தான் அதன் முக்கியத் தூது. டுலோக்செடின் என்ற மருந்து அதை வலுப்படுத்துகிறது. ஒருவரின் சொந்த அடக்கு பாதை எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு கையில் வலி கொடுத்து மறுகையில் அளந்து பார்க்கலாம். அந்தப் பாதை பலவீனமாக உள்ள நீரிழிவு நோயாளிகளுக்கே டுலோக்செடின் அதிகம் உதவியது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. கபாபென்டின், பிரீகாபாலின் என்ற மருந்துகள் கால்சியம் வாயிலின் ஒரு துணைப் பகுதியில் ஒட்டிக்கொண்டு, தண்டுவடத்தில் வலித்தூதுகள் வெளியாவதைக் குறைக்கின்றன. ஏறத்தாழ ஏழு பேருக்குக் கொடுத்தால், மருந்தாலேயே வலி பாதியாகக் குறைபவர் ஒருவர் கிடைக்கிறார். மற்ற ஆறு பேருக்கு ஏன் இல்லை என்பது மருந்தின் குறை மட்டுமல்ல. அவர்களின் வலி வேறோர் இடத்தில் பிறக்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரியான தொடக்கம்.

நீரிழிவுக்கு வருவோம். சர்க்கரை மிகுந்தால் இழைக்குள் என்ன நடக்கிறது என்பதற்குப் பல பாதைகள் சொல்லப்பட்டுள்ளன. குளுக்கோஸ் சார்பிடாலாக மாறும் பாதையை அடைக்கும் மருந்துகள் எலிகளில் அருமையாக வேலை செய்தன. மனிதர்களில் பெரும்பாலும் ஏமாற்றின. என் பார்வையில் அதிகம் சிந்திக்கவைத்தது 2012இல் வந்த இன்னொரு கண்டுபிடிப்பு. சர்க்கரைச் சிதைவில் உண்டாகும் மெத்தில்கிளையாக்ஸல் என்ற சிறு மூலக்கூறு நேராக நாவ் 1.8 வாயிலில் போய் ஒட்டி, அதை எளிதில் திறக்கும்படி செய்கிறது. வளர்சிதை மாற்றத்தையும் வலியையும் ஒரே கோட்டில் இணைத்த விளக்கம் அது. பின்னர் வந்த மனித ஆய்வுகள் எல்லாம் அதை உறுதிப்படுத்திவிடவில்லை. ஆனாலும் கேள்வி கேட்ட விதம் சரி: எந்தச் செல், எந்த வாயில், எந்தத் திசையில்.

புற்றுநோய் மருந்துகளால் வரும் கோளாறு ஒரு தனி உலகம், தொட்டுவிட்டுப் போகிறேன். பாக்லிடாக்சலும் வின்கிரிஸ்டினும் இழைக்குள்ளிருக்கும் போக்குவரத்துத் தண்டவாளத்தையே கெடுக்கின்றன. ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய சில மணி நேரத்திலேயே குளிர்ந்த பொருளைத் தொட்டால் கை சுள்ளென்று கூசும். பின்வேர் முடிச்சுக்கு இரத்தத்திலிருந்து நஞ்சைத் தடுக்கும் உறுதியான வேலி இல்லாததால் இம்மருந்துகள் அங்கே எளிதில் சேர்கின்றன. இழையின் அழிவே ஒரு திட்டமிட்ட நிகழ்ச்சி என்பதும் இங்கே முக்கியம். சார்ம்1 என்ற புரதம், ஆற்றல் உற்பத்திக்கு வேண்டிய என்ஏடி என்ற மூலக்கூறைச் சிதைத்து இழையை அழிக்கிறது. 2012இல் அதன் பங்கு வெளிப்பட்டது. அதைத் தடுக்கும் மருந்துக்கு முயற்சிகள் நடக்கின்றன.

இனி, எலியில் குணமான வலி மனிதரில் ஏன் குணமாவதில்லை என்பது. எலியின் நரம்பைத் தளர்வாகக் கட்டி வலியை உண்டாக்கும் சோதனை மாதிரி 1988இல் வந்தது. தண்டுவட நரம்பை இறுக்கும் மாதிரி 1992இல். சில கிளைகளை வெட்டி ஒன்றை விட்டுவைக்கும் மாதிரி 2000இல். இவற்றில் அளப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: கம்பி வலையின் கீழிருந்து ஒரு நைலான் இழையால் எலியின் பாதத்தை மெல்ல அழுத்தி, எந்த அழுத்தத்தில் பாதத்தை இழுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது. அது அனிச்சைச் செயல். உங்கள் தாயார் யாரும் தொடாமலேயே இரவு 2 மணிக்கு விழித்திருக்கிறாரே, அதை இந்த இழை அளப்பதில்லை. வலித்தூதான சப்ஸ்டன்ஸ்-பி ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் எலிகளில் வலியைக் குறைத்தன, மனிதரில் குறைக்கவில்லை. அந்த வகை மருந்து கடைசியில் புற்றுநோய்ச் சிகிச்சையின் வாந்தியைத் தடுக்கவே பயன்பட்டது. 2009இல் வேறொரு வழி வந்தது. காயப்பட்ட எலிக்கு ஓர் அறையில் வைத்து வலி நிவாரணம் கொடுத்தார்கள். பிறகு அது தானாகவே அந்த அறையைத் தேடிப் போயிற்று. நலமான எலி போகவில்லை. அங்கேதான் யாரும் தொடாத வலி முதல்முறையாக விலங்கில் அளவுகோலுக்கு வந்தது என்பேன். இன்று உறுப்புதானம் செய்தவர்களின் பின்வேர் முடிச்சுகளிலிருந்தே நேராக மனிதச் செல்களை எடுத்துப் படிக்கிறார்கள். எலிக்கும் மனிதருக்கும் எந்தச் செல்லில் எந்த ஏற்பி இருக்கிறது என்பதிலேயே வேறுபாடுகள் இருப்பது அதில் தெரிகிறது.

உங்களுக்கு என் யோசனை: மூலக்கூறைத் தேர்ந்தெடுத்துவிட்டு நோயாளியைத் தேடாதீர்கள். மூன்று மாதம் ஒரு நரம்பியல் புறநோயாளர் பிரிவில் உட்கார்ந்து வலியின் சொற்களைக் கேளுங்கள். நம் மொழியில் இதற்கு இருக்கும் வளம் பெரியது. எரிகிறது, காந்துகிறது, குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, தெறிக்கிறது, சுண்டி இழுக்கிறது, எறும்பு ஊர்கிறது, மதமதவென்றிருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு. எரிச்சல் என்ற சொல்லைச் சிலர் தணல் பட்ட உணர்வுக்கும், சிலர் அரிப்பை ஒட்டிய உறுத்தலுக்கும், சிலர் வெறும் கோபத்துக்கும்கூடச் சொல்வார்கள். வினாத்தாளை மொழிபெயர்த்து எரிச்சல் உண்டா என்று ஒரே கட்டமாகப் போட்டால் மூன்று இயக்கங்கள் ஒரே பெட்டியில் விழுந்துவிடும். எதைப் போல என்று மறுபடி கேட்டு, அவர் சொன்ன சொல்லையே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப் பிரிப்பதால் பலன் உண்டு என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2014இல் ஆக்ஸ்கார்பசெபைன் என்ற சோடியம் வாயில் மருந்தைச் சோதித்தபோது, நோயாளிகளை முன்கூட்டியே இரண்டாகப் பிரித்தார்கள்: தோலின் வெப்ப உணர்ச்சி காக்கப்பட்டு, அதோடு சிறு தூண்டலுக்கும் மிகையாக வலிக்கும் கூருணர்ச்சியும் உள்ளவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். முதல் குழுவில் ஏறத்தாழ 4 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு வலி பாதிக்குமேல் குறைந்தது. இரண்டாவது குழுவில் அதற்கு 13 பேர் தேவைப்பட்டார்கள். மருந்து ஒன்றே. குழுவைக் கலந்திருந்தால் சுமாரான மருந்து என்று ஒதுக்கியிருப்பார்கள்.

ஆகவே முதல் ஆய்வைச் சிறிதாக வையுங்கள். இரண்டு குழு: ஒரே அளவு இழை இழப்பு, ஒன்றில் வலி, ஒன்றில் இல்லை. வெப்பம், குளிர், அழுத்தம், அதிர்வு எல்லாவற்றுக்கும் வரம்புகளை அளவுமுறையோடு எடுங்கள். தோல் துண்டில் இழைகளை எண்ணுபவருக்கு எந்தத் துண்டு யாருடையது என்று தெரியக் கூடாது. வாய்ப்பிருந்தால் ஒரு சிலருக்கு மட்டும் உள்ளூர் மயக்க மருந்தால் நரம்பை மரக்கச்செய்து, எரிச்சல் நிற்கிறதா, உரசல் வலி நிற்கிறதா என்று தனித்தனியாகக் குறியுங்கள். பெரிய கருவி இல்லாமலேயே எங்கே என்ற கேள்விக்கு இதில் பாதி விடை கிடைத்துவிடும்.

தாயாரைப் பற்றி ஒரு சில. மெட்ஃபார்மின் நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும்; அந்தக் குறையே நரம்பைக் கெடுக்கும். அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். சர்க்கரையை ஒரேயடியாக, சில வாரங்களில் இறக்கினால் சிலருக்குக் கடுமையான நரம்பு வலி புதிதாக வருவதுண்டு. கட்டுப்பாடு வேண்டும், அவசரம் வேண்டாம் என்று மருத்துவரிடம் பேசுங்கள். உணர்ச்சியில்லாத பாதத்தைத் தினமும் நீங்களே திருப்பிப் பாருங்கள். எரிகிறதே என்று அவர் அதைப் பனிக்கட்டியிலோ வெந்நீரிலோ வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புண் ஆனாலும் அவருக்குத் தெரியாது. பிறகு ஒன்று கேளுங்கள்: இரவில் எரியும்போது போர்வையை விலக்கிப் பாதத்தைக் குளிர்ந்த தரையில் வைத்தால் தணிகிறதா, கூடுகிறதா? தணிந்தால், வெப்பத்துக்குத் துடிக்கும் இழைகள் அங்கே இன்னும் உயிரோடிருக்க வாய்ப்புண்டு. குளிரே வலியானால் வேறு இழையை, ஒருவேளை தண்டுவடத்தையும் சேர்த்து, சந்தேகிக்க வேண்டியிருக்கும். பதிலை அவருடைய சொல்லிலேயே, தேதி போட்டு, உங்கள் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.